காப்ரியல் இழந்த தொகுதி

மலாயாவின் பத்தாங் பெர்ஜுந்தைப் பகுதியின் மாநில மன்ற உறுப்பினராகக் காப்ரியல் இருந்தது ஒரே தவணை: 1955 முதல் 1959 வரை. அதற்குமுன் அவர் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. தேர்தலில் நிற்பதற்காக வேலையை விட்டு, டவுனில் வாடகை வீட்டுக்குக் குடிபோனார். வென்றபின், தமக்கு ஓட்டுப் போட்டவர்களைப் பார்க்கத் தோட்டத்துக்குள் நுழையத் நிர்வாகியான வெள்ளைக்காரத் துரையின் அனுமதி வேண்டியிருந்தது. துரை கொடுக்கவில்லை. ஆகவே, விடியற்காலையில் தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றியிருந்த முள்வேலிக்கு வெளியே, அரசாங்கச் சாலையோரமாகப் போய் நிற்பார்.

பிரிட்டிஷ் அரசு அறிவித்த அவசரகாலம் அது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்ச் சேரக்கூடாதென்று, பால்மரம் வெட்டப் போகிறவர்களை வேலிவாசலில் கான்ஸ்டபிள்கள் தடவிப் பார்த்தே வெளியே விட்டார்கள். ஒரு பிடிச் சோறு அகப்பட்டாலும் சிறை.

"ஐயா, சோறு தேடுற கையா அது?" என்று வேலிக்குள்ளிருந்து கேட்டாள் பால்மரம் வெட்டும் வேலம்மா. "ஒங்க வீட்டுப் பொம்பளைய இப்படித் தடவுனா பாத்துக்கிட்டு நிப்பீங்களா?"

 மன்றத்தின் அடுத்த கூட்டத்தில் காப்ரியல் எழுந்து இதைப் பேசினார். பெண்களைப் பெண்களே சோதிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஆனால், அக்கம்பக்கத்தாரின் மடியைத் தடவும் வேலைக்கு எந்தப் பெண்ணும் முன்வரவில்லை. யாரும் வராவிட்டால் பழையபடி கான்ஸ்டபிள்களே பார்ப்பார்கள் என்றார் துரை.

அன்று மாலை காப்ரியலின் மனைவி ரோசரி, "மன்றத்துல பேசுனது நீங்க. வாசல்ல நிக்க ஆள் வேணும்லா. நான் போறேன்," என்றாள்.

"கெட்ட பேரு வரும்."

"வரட்டும்."

ரோசரி வாசலில் நிற்கத் தொடங்கிய இரண்டாம் ஆண்டில் ஒரு நாள் வேலம்மாவின் மடியில் சோறு தட்டுப்பட்டது. வெறும் வயிற்றோடு மரம் வெட்ட முடியாமல் அவள் ஒளித்து வைத்திருந்தது. கான்ஸ்டபிள், ஆண்கள் வரிசைப் பக்கம் திரும்பியிருந்தார். ரோசரி அதைப் பிடுங்கிக் சாக்கடைக் கானில் கொட்டி, வேலம்மாவை வெளியே தள்ளிவிட்டாள். அரையிருட்டில், பின்னால் நின்றவர்களுக்கு யாருடைய சோறு என்று தெரியவில்லை. கொட்டியவள் யாரென்று மட்டும் தெரிந்தது.

தேர்தல் நெருங்கியதும் எதிர்த்து நின்றவரின் ஆட்கள் அதைத்தான் லயம் லயமாகப் பேசினார்கள். "தொழிலாளி சோத்தக் கான்ல கொட்டுன வீடு. அதுக்கா ஓட்டு?"

ஞாயிற்றுக்கிழமை வேலம்மா டவுனுக்கு வந்து காப்ரியலைப் பார்த்தாள்.

"நான் சொல்லிடுறேங்க ஐயா. அக்கா என்னையக் காப்பாத்துனாங்கன்னு."

"சொன்னா நீயும் உள்ள போவ, அவளும் உள்ள போவா. சட்டம் இன்னும் இருக்கும்மா."

"அப்ப ஓட்டு?"

"ஒன்னோட ஓட்டு ஒன்னு இருக்குல்ல. அதப் போடு."

பிரசாரக் கூட்டங்களில் காப்ரியல் சாலை, பள்ளிக்கூடம், குடிதண்ணீர் பற்றிப் பேசினார். "சோறு என்னாச்சு?" என்று கூட்டத்திலிருந்து யாராவது கத்தினால், தண்ணீர் குடித்துவிட்டு மேலே பேசினார். அவர் தோற்றார். அவருக்கு ஓட்டுகள் மிகக் குறைவாக விழுந்தது, அவர் கிராணியாக இருந்த அதே தோட்டத்தில்தான்.

முடிவு தெரிந்த இரவு, ரோசரி விடியலில் எழ அலாரக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குமா போற?" என்று கேட்டார் காப்ரியல்.

"போகலன்னா அந்தக் கான்ஸ்டபிள் பையனுங்க கையை வைப்பானுங்க. நீங்க படுங்க."

வாசல் சோதனை நீங்கும் வரை அவள் போனாள். காப்ரியல் கோலா சிலாங்கூரில் ஒரு மரக்கடையில் கணக்கெழுதப் போனார். மறுபடி தேர்தலில் நிற்கவில்லை.