வெறுதே பார்ப்பது

ஆரியசாலைக் கடைத்தெருவில் எங்களுக்கு மலைச்சரக்கு மொத்தக் கடை. அப்பாவுக்குப் பிறகு நான்தான் பார்க்கிறேன். மிளகென்றால் உள்ளங்கையில் தேய்த்து ஊதுவேன், சுக்கென்றால் ஒடித்து நார் பார்ப்பேன். முதல் ரகமா மூன்றாம் ரகமா என்று அந்தக் கணமே வாய் சொல்லிவிடும்.

என் மகள் ஹாஸ்டலுக்குப் போனதுகூட இந்த வாயால்தான். பஸ் ஏறினால் இருபது நிமிஷத்தில் காலேஜ், அதற்குப்போய் ஹாஸ்டல்! ஏனடி என்றேன். "நான் எது சொன்னாலும் நீ ரகம் பிரிக்கே. எனக்கு மதி, அம்மா" என்றாள். போதுமாம். வந்த கோபத்தில் ஒரு வாரம் போன் பண்ணவில்லை. அப்புறம் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். தோள்பையை இறக்காமல், நின்றபடியே டீ குடித்துவிட்டுக் கிளம்புவாள். அந்தப் பையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு ஞாயிறு அவளே ஒன்று சொன்னாள். ஏதாவது இயற்கையான பொருளைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் பார்க்க வேண்டும், அதுவும் தியானம்தானாம். "நல்லது கெட்டது ஒண்ணும் சொல்லப்படாது. சும்மா, வெறுதே பாரு."

மறுநாள் கடையில் ரகம் பிரிக்காத ஒரு மூட்டையிலிருந்து ஓட்டோடு ஒரு ஜாதிக்காயை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது, கை தானாக அதைக் காதருகே கொண்டுபோய்க் குலுக்கியது. நன்றாகக் காய்ந்த பருப்பு ஓட்டுக்குள் கடகடவென்றது. "முதல் ரகம்" என்று சொல்லிவிட்டேன். சுமை தூக்குகிறவர் அந்த மூட்டையை அப்படியே தூக்கி முதல் ரக வரிசையில் அடுக்கப் போய்விட்டார்.

"யோவ், வையும் அதை! நான் தியானத்துல இருக்கேன்!"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது?

தியானத்துக்குக் கடைச் சரக்கே வேண்டாம் என்று, மிளகு வாங்க மலையோரத்து வித்துராவுக்குப் போனபோது ஆற்றிலிருந்து ஒரு கூழாங்கல் கொண்டுவந்தேன். பார்த்தேன். ஒரு பக்கம் மூளி, ரெண்டாம் ரகம். சனியன் பிடித்த வாய்!

பிறகு ஒருநாள் கடைவாசலைப் பெருக்கும்போது ஒரு பலா இலை கிடந்தது. பழுத்தது, ஓட்டை வேறு. இதை எந்த ரகத்தில் சேர்ப்பது? கையில் எடுத்தேன். முழுக்க மஞ்சளாகியும் நடுநரம்பை ஒட்டி மட்டும் பச்சை மிச்சமிருந்தது. ஓட்டையைச் சுற்றி மெல்லிய பழுப்புக் கரை. எந்தப் பூச்சி தின்றிருக்கும்? இவ்வளவு இலை இருக்க ஏன் பாதியில் விட்டுப் போயிற்று? இந்தப் பச்சை எப்போது போகும்? ஒன்று மாற்றி ஒன்றாகக் கேள்விதான் வந்தது. நிமிர்ந்தபோது, குடிக்க வாங்கி வைத்திருந்த டீ ஆறிப் போயிருந்தது. இத்தனை வருஷத்தில் நான் எதையும் இப்படிப் பார்த்ததே இல்லை.

அடுத்த ஞாயிறு மகள் வந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். இடுப்பு வரை நான் எண்ணெய் தேய்த்து வளர்த்த முடி! அடிப்பாவி என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சேலைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவள் முறைத்துக்கொண்டு நின்றாள், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவளுக்குத் தெரியாதா?

பார்த்தேன். காதுக்குப் பின்னால் அந்த மச்சம். அவளைக் குளிப்பாட்டிய நாளில் தினமும் பார்த்தது, முடி வளர்ந்தபின் மறந்தே போயிருந்தேன்.

"என்னம்மா, ஒண்ணும் சொல்லல்லியா?"

"பிடரியில காத்து படும்போது எப்படிடீ இருக்கு?"

அவள் என்னையே பார்த்தாள். பிறகு தோள்பையை இறக்கிக் கீழே வைத்தாள்.