விமானத்துக்கு வழிவிட்ட சுவர்

இன்று காலை ஜோகுபாளையத்தில் நான் போன ஆட்டோ நின்றுவிட்டது. முன்னால் ஒரு ட்ரெய்லர், அதன் மேல் பழைய போர் விமானம். இத்தனை வருடம் சர்க்கிளில் காட்சிக்கு நின்றதைப் புதுப்பிக்க எடுத்துப்போகிறார்களாம். இறக்கைகளைக் கழற்றிப் பின்னால் வந்த லாரியில் மெத்தை போட்டுப் படுக்கவைத்திருந்தார்கள். பார்த்ததுமே செங்கல் தூசியின் நெடி என் மூக்கில் ஏறியது.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது இதே விமானத்தை இறக்கையோடு இதே வழியில்தான் இழுத்துவந்தார்கள். திருப்பத்தில் எங்கள் வீட்டுச் சுவர் குறுக்கே நின்றது. அப்பா விமானம் பழுதுபார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர்.

"போல்ட்டக் கழட்டினா ரெக்கை தனியா வந்துடும் சார். நானே கழட்டித் தரேன்" என்று கெஞ்சினார்.

"அபூர்வமான விமானம்பா, அதுமேல கை வைக்கக் கூடாது. செவுருதானே, கட்டித் தரோம்" என்றார் கூட வந்த அதிகாரி.

அம்மா சோற்றுப் பானையை இறக்குவதற்குள் கடப்பாரை விழுந்தது. சிவப்புத் தூசி படிந்த அந்தச் சோற்றைத்தான் அன்று தின்றோம். கட்டித் தர ஒருத்தனும் வரவில்லை. அந்த மழைக்காலம் முழுக்க அம்மாவின் புடவைதான் எங்களுக்குச் சுவர்.

ஆட்டோவை விட்டு இறங்கினேன். விமானத்தில் படாமல் ஒயர்களைக் கழியால் தூக்கிப் பிடித்திருந்தவரிடம் கத்தியே கேட்டேன்: "இப்ப மட்டும் எதுக்கு ரெக்கையக் கழட்டினீங்க?"

"ரோட்டோரம் பூரா கண்ணாடி பில்டிங் மேடம்" என்றார் அவர். "இடிச்சா சும்மா விடுவாங்களா?"