டொறீன் அழைப்புமணியை அடித்த ஞாயிறு

கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார். இதைச் சொல்லத்தான் உங்கள் முன்னால் நிற்கிறேன். எங்கள் சபையில் சாட்சி சொல்பவர்கள் நடந்ததில் பாதியை விழுங்கிவிட்டு, மீதியைப் பாஸ்டரின் கணக்கில் சேர்ப்பது வழக்கம். நான் முழுவதையும் சொல்லப்போகிறேன். பிடிக்காதவர்கள் பின்னால் போய்த் தேநீர் குடிக்கலாம்.

கொரோனா அடங்கி, வீட்டுக் கூட்டங்கள் மறுபடி தொடங்கிய ஆண்டு அது. நவம்பர் மாதத்து ஞாயிறு. ஜெர்மனியில், இந்தக் கெல்சென்கிர்ச்சன் நகரத்தில், லிஃப்ட் இல்லாத கட்டடம் ஒன்றில், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. அன்று கூட்டம் எங்கள் முறை. வந்தவர்கள் சப்பாத்துகளை வாசலில் கழற்றினார்கள். வாசல் நிரம்பியதும் படிக்கட்டில் கழற்றினார்கள். இரண்டாம் மாடி வரை குவியல். கைபேசிகளை எல்லாம் அணைத்துத் தயா அண்ணையின் துணிப்பையில் போட்டார்கள். தேவனோடு பேசும்போது வேறு ஒருவரோடும் பேசக்கூடாதாம். தயா அண்ணை அந்தப் பையோடு நின்ற நிற்பைப் பார்த்தால் வேதத்தில் வரும் உடன்படிக்கைப் பெட்டியையே சுமக்கிறார் என்று நினைப்பீர்கள்.

அன்றைய ஜெபக் குறிப்புகளில் டொறீனும் ஒன்று. அவர் தரைத்தளத்தில் குடியிருந்த இங்கிலாந்துக்காரப் பெண்மணி. படிக்கட்டில் சப்பாத்து வைக்காதீர்கள், தீப்பிடித்தால் எப்படி இறங்குவது, வயதானவர்கள் தடுக்கி விழுவார்கள் என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஏறிவந்து சண்டை பிடிப்பவர். பாஸ்டர் அவரைச் சத்துருவின் கருவி என்று கண்டுபிடித்திருந்தார்.

"ஆண்டவரே, அந்த வெள்ளைக்காரியின்ர வாயைக் கட்டும்," என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்டார்.

சப்பாத்துகளை எடுத்து ஒதுக்குவது அதைவிடச் சுலபம். அது ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் குசினியில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அல்லேலூயாச் சத்தம் கூடியது. எட்டிப் பார்த்தேன். என் கணவர் ஜெயராசா தரையில் கிடந்தார். சுற்றி நின்று எல்லோரும் கைதட்டினார்கள். பாஸ்டர் தலையில் கை வைத்தாராம், இவர் விழுந்தாராம். அபிஷேகமாம். இவருடைய வாயிலிருந்து ஏதோ குழறலாக வந்தது. அது ஆவி இறங்கியவர்கள் பேசும் அந்நிய பாஷையாம்.

"எத்தினை வருசமாக் கேட்ட வரம்! இண்டைக்குக் கிடைச்சிட்டுது!" என்று ஒரு அக்கா ஆனந்தக் கண்ணீர் விட்டார்.

நான் இவருடைய முகத்தைப் பார்த்தேன். வாயின் ஒரு பக்கம் கீழே இழுபட்டிருந்தது. வலக்கை உணர்ச்சியில்லாமல் கிடந்தது. கண்கள் என்னைத் தேடின. பயந்த கண்கள். பரிசுத்த ஆவியானவர் ஒரு மனிதனை இப்படியா பயமுறுத்துவார்?

"இவருக்கு ஏதோ நடந்திட்டுது! அம்புலன்சைக் கூப்பிடுங்கோ!" என்று கத்தினேன்.

"பொறுங்கோ அக்கா. ஆவியானவர் வேலை செய்யிறார். குழப்பாதேங்கோ," என்றார் பாஸ்டர்.

"தயா அண்ணை, போனைத் தாங்கோ!"

தயா அண்ணை பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பாஸ்டரின் முகத்தைப் பார்த்தார். பாஸ்டர் இவருடைய தலையில் கையை வைத்தபடி மறுபடி கண்ணை மூடிவிட்டார். ஆகவே அனுமதி கிடைக்கவில்லை. அந்த அறையில் படித்தவர்கள் இருந்தார்கள். பெரிய வேலை பார்ப்பவர்கள் இருந்தார்கள். ஊரில் ஷெல்லடிக்குள் ஓடித் தப்பியவர்கள் இருந்தார்கள். ஒருவர் காலும் அசையவில்லை.

இவருடைய தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு நான் ஜெபித்தேன். நீண்ட ஜெபம் இல்லை. "ஆண்டவரே, ஆரையாவது அனுப்பும். புத்தியுள்ள ஒரு ஆளை அனுப்பும்." அவ்வளவுதான்.

அழைப்புமணி அடித்தது.

டொறீன். சப்பாத்துச் சண்டைக்கு வந்திருந்தார்.

கதவைத் திறந்த சகோதரர், ஜெபம் நடக்கிறது, பிறகு வாருங்கள் என்றார். டொறீன் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். ஒரே ஒரு பார்வை பார்த்தார். பக்கவாதம் என்று ஜெர்மன் மொழியில் கத்தினார். தன் கைபேசியில் அவசர இலக்கத்தை அழைத்தபடியே, பாஸ்டரின் கையை என் கணவரின் தலையிலிருந்து எடுத்து அப்பால் விட்டார். மேசையில் கிடக்கும் ஈரத்துணியை எடுப்பதுபோல எடுத்தார். இவரை ஒருக்களித்துப் படுக்கவைத்தார். பிறகு என் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். ஸ்ட்ரெச்சர் ஏற வழி வேண்டுமே! சபையின் ஞாயிற்றுக்கிழமைச் சப்பாத்துகள் முழுவதும் தடதடவென்று கீழே உருண்டன. எத்தனையோ பாட்டுக் கேட்டிருக்கிறேன். அந்தச் சத்தத்துக்கு ஈடாக ஒன்றும் இல்லை.

கொஞ்சம் பிந்தியிருந்தாலும் இவர் இல்லை என்று மருத்துவமனையில் சொன்னார்கள்.

அடுத்த ஞாயிறு பாஸ்டர் மேடையில் ஏறி, சபையின் ஜெபம் ஒரு சகோதரனை மரணத்திலிருந்து மீட்டது என்று முழங்கினார். ஆமென், ஆமென் என்றீர்கள். கூட்டம் முடிந்ததும் தயா அண்ணை என்னிடம் வந்தார். இவருடைய சுகம் விசாரிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"தங்கச்சி, என்ர சப்பாத்து ஒண்டைக் காணேல்லை. நல்ல தோல் சப்பாத்து. அந்த மனிசியிட்ட ஒருக்கால் கேட்டுப் பாக்க ஏலுமோ?" என்றார்.

டொறீன் யார் என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. நான் சொல்கிறேன். இங்கிருந்த பிரிட்டிஷ் இராணுவத்தில் வேலை பார்த்த கணவனோடு இளம்பெண்ணாக வந்தவர். கணவன் போய்விட்டான். டொறீன் போகவில்லை. எங்கள் முற்றத்து ஊஞ்சல் உடைந்தபோது வீடுகளை வாடகைக்கு விடும் கம்பெனியை ஓயவிடாமல் தொல்லை செய்து புதிதாகப் போடவைத்தவர். சிரியாவிலிருந்து வந்த பெண்களுக்குச் சைக்கிள் பழக்கியவர். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் முற்றத்தில் மேசை போட்டு, வாயில் வைக்க முடியாத புடிங் ஒன்றைக் கட்டடம் முழுவதற்கும் ஊட்டியவர். பிரெக்ஸிட் வந்ததும், என்னை இங்கிருந்து யார் அனுப்புகிறார் பார்ப்போம் என்று முதிர்ந்த வயதில் பரீட்சை எழுதி ஜெர்மன் குடியுரிமை எடுத்தவர். என் கணவரைக் கைகால் பயிற்சிச் சிகிச்சைக்குத் தன் பழைய காரில் ஏற்றிக்கொண்டு போய்வந்ததும் அவர்தான். தேவாலயத்துக்குப் போவீர்களா என்று ஒருநாள் கேட்டேன். ஏழைகளுக்குச் சூப் ஊற்றும் நாளில் போவேன் என்றார்.

இந்த வசந்தத்தில் டொறீன் இறந்துபோனார். அடக்கத்துக்குச் சிரியக்காரர்கள் வந்தார்கள், துருக்கிக்காரர்கள் வந்தார்கள். சபையிலிருந்து ஒரு பூக்கூட வரவில்லை. அவர் வாயைக் கட்டச் சொல்லி ஜெபிக்க மட்டும் நேரம் இருந்தது.

இப்போது எங்கள் கட்டடத்தில் முடியாதவர்களை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவது நான். ஞாயிறு காலையில் யாராவது கூப்பிட்டால் ஆராதனையை விட்டுவிட்டுப் போகிறேன். அதற்காக என்னைப் பின்வாங்கிப் போனவள் என்கிறீர்களாம். சொல்லுங்கள். என் விசுவாசம் இப்போதுதான் நிமிர்ந்து நடக்கிறது.

இன்று நான் எழும்புமுன் பாஸ்டர் காதுக்குள் சொன்னார்: "அக்கா, அந்த மனிசியின்ர பேரைச் சொல்லாதேங்கோ. அவ இரட்சிக்கப்படாதவ. மகிமை கர்த்தருக்கு மட்டும்தான்." மகிமை கர்த்தருக்குத்தான், பாஸ்டர். யாரை அனுப்பலாம் என்று அவர் உங்களைக் கேட்கவில்லை, அதுதான் உங்களுக்குப் பொறுக்கவில்லை.

அன்பானவர்களே, நெருக்கடியில் கர்த்தரைக் கூப்பிடுங்கள். அவர் கேட்பார், இது என் கண்ணால் கண்டது. வருகிற ஆளை மட்டும் வாசலில் வைத்து விரட்டிவிடாதீர்கள்.

டொறீனை அனுப்பிய கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆமென் சொல்ல மனமில்லாதவர்கள் சும்மா இருங்கள். என் கணவர் சொல்லுவார். அவர் உயிரோடு இருக்கிறார்.