பகல் தூக்கமும் கிட்டார் கரகரப்பும்

கிட்டாருக்கு வாங்கிய புது ப்ரீஆம்ப் பெட்டியில், ஒலிக்கு முறுக்கேற்றும் கெயின் திருகைக் கொஞ்சம் கூட்டினேன். அதுவரை தெளிவாக ஒலித்த கிட்டார் கரகரத்தது. அவ்வளவுதான், மலேசியாவில் நான் சிறுவயதில் வளர்ந்த பண்டமாரான் பலகை வீட்டுக்குள் நினைவிலேயே போய்விட்டேன்.

அப்பா போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் இரவெல்லாம் லோரி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குவார். பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் அண்ணன், கல்யாண வீடுகளில் வாசிப்பதற்காகப் பழகுவான். அவர் விழித்துவிடக் கூடாதென்று சத்தத்தைத் தெளிவாக, சன்னமாக வைத்திருப்பான். அப்படியும் கட்டில் கிறீச்சிடும். அப்பா புரண்டு புரண்டு படுப்பார். அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியைக் காட்டி மிரட்டுவார்.

ஒருநாள் அண்ணன் வாசிக்கும்போது என் கை பட்டு ஆம்ப்ளிஃபயரின் திருகு முழுக்கத் திரும்பிவிட்டது. கிட்டார் உறுமியது. எவர்சில்வர் தட்டுகள் அதிர்ந்தன. உள்ளேயிருந்து குறட்டை கேட்டது.

அண்ணன் பயந்துபோய் நிறுத்தினான். குறட்டையும் நின்றது.

“ஏன்டா நிப்பாட்டுன? லோரி எஞ்சின் மாதிரி நல்லா இருந்துச்சுலா. அடிடா, நான் தூங்கணும்,” என்றார் அப்பா.

எண்பதைத் தாண்டிய அப்பா இப்போது என் வீட்டு சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். தெளிவான ஒலி வேண்டித் திருகைக் குறைத்தேன். அவருடைய ஒரு கண் திறந்தது.

திருகைப் பழைய இடத்துக்கே திருப்பிவிட்டேன்.