சொல்லிக்கொண்டு போவது

என் வீட்டுக்காரர் செம்பட்டியில் தேங்காய் வியாபாரம் செய்கிறார். தெருமுனைக் கடைக்கென்றாலும், "போய்ட்டு வாரேன்" என்று சொல்லாமல் செருப்பு மாட்ட மாட்டார். எங்கள் பக்கம் இழவு வீட்டிலிருந்து கிளம்பும்போது மட்டும்தான் யாரும் சொல்லிக்கொள்ள மாட்டார்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்துகிறவள். 'குட் பை' என்பது ஒரு காலத்தில் 'கடவுள் உன்னோடு இருக்கட்டும்' என்ற முழு வேண்டுதல். தேய்ந்து தேய்ந்து இப்போது போனை வைக்கிறபோது போடும் சத்தமாகிவிட்டது என்று வருஷா வருஷம் வகுப்பில் சொல்வேன். 'சீ யூ' என்கிறவன் மறுபடி பார்க்கிறேன் என்று வாக்கா கொடுக்கிறான்? வீட்டிலும் இதே புலம்பல்தான். "அதுல ஒண்ணுமே இல்லைங்க, வெறும் சக்கை" என்பேன். அவர் தோசையைப் பிய்த்துக்கொண்டே, "சரிங்க டீச்சரம்மா" என்பார்.

போன மாசம் அவருக்குத் திண்டுக்கல்லில் இருதய ஆபரேஷன். ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனார்கள். தியேட்டர் வாசல்வரை என் கையைப் பிடித்திருந்தவர், கதவு திறந்ததும் விட்டுவிட்டார். வாயே திறக்கவில்லை. இந்த மனுஷன் சொல்லாமல் போகிறாரே!

"என்னங்க, சொல்லிட்டுப் போங்க!" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன்.

தலையைத் திருப்பிப் பார்த்தார். "பை" என்றார். கதவு மூடிக்கொண்டது.

கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் நான் கேட்காத வார்த்தை. வெளியே உட்காருவேன், எழுவேன். நாத்தனார் காபி வாங்கி வந்து, "செத்த நேரம் உக்காருங்க மதினி" என்றாள். காபி ஆறி ஆடை கட்டியது. தேய்ந்துபோச்சு என்று நானே பாடம் நடத்திய பழைய அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். கடவுளே, அவரோடு இரு, அவரோடு இரு.

மறுநாள் ஐசியூவில் கொஞ்ச நேரம் பார்க்க விட்டார்கள். கண் விழித்திருந்தார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

"எப்பவும் சொல்றதச் சொல்லிட்டுப் போனா கொறஞ்சா போயிருவீங்க?"

அவருக்குக் குரல் எழும்பவில்லை. குனிந்தேன்.

"வாரேன்னு சொல்லிட்டு வராமப் போயிட்டா, உங்கிட்டப் பொய் சொன்னதா ஆயிரும்ல. அந்த இங்கிலீசு வார்த்தைல ஒண்ணுமே இல்லைன்னு நீதான சொல்லுவ?"

நேரமாகிவிட்டது என்றாள் நர்ஸ். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போய்ட்டு வாரேங்க" என்றேன். இத்தனை வருஷம் வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவந்த வார்த்தை. அன்றைக்கு அதைச் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் ரோட்டைக் கடக்கவே எனக்குப் பயமாக இருந்தது.