அவளுக்கு நான் சொல்லாத பாதி

சத்திரசிகிச்சைப் பிரிவை நானாகத்தான் கேட்டு வாங்கினேன். தாதிப் பயிற்சியில் என்னோடு படித்தவர்கள் அதற்குப் பயந்தார்கள். மணிக்கணக்கில் நிற்கவேண்டும், சத்திரசிகிச்சை செய்யும் சேர்ஜன்மாரிடம் ஏச்சு வாங்கவேண்டும் என்பார்கள். எனக்கு அந்தப் பயம் இல்லை. ஒப்பரேஷன் தியேட்டருக்குள் நோயாளர்கள் தூங்கிவிடுவார்கள், யாரோடும் அதிகம் கதைக்க வேண்டியதில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

அது யுத்த காலம். கொழும்பில், வெள்ளவத்தையில் அக்கா வீட்டு மாடியறையில் இருந்தேன். பஸ் ஏறி வேலைக்குப் போய்ச் சேருவதற்குள் இரண்டு சோதனைச் சாவடிகளில் இறங்கி அடையாள அட்டையைக் காட்டவேண்டும். வாயைத் திறந்தால் என் சிங்களமே நான் யாரென்று காட்டிக்கொடுத்துவிடும். தியேட்டரில் தொப்பியும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு நின்றால் கண்கள் மட்டும்தான் வெளியே தெரியும். அங்கே என்னிடம் யாரும் எந்த ஊர் என்று கேட்டதில்லை.

வேலையும் எனக்குப் பிடித்துப்போனது. சேர்ஜன் கையை நீட்டும் முன்பே அவருக்கு எது தேவை என்று தெரிந்துகொள்வதும், வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன் உள்ளே வைத்த துணிகளை உரக்க எண்ணிச் சரிபார்ப்பதும் எனக்குப் பழகிவிட்டன. எங்கள் சேர்ஜன் சிங்களவர், தலை நரைத்தவர். "ஒன்று குறைகிறது, சேர்" என்று நான் சொன்னால், எவ்வளவு அவசரமென்றாலும் கையை எடுத்துவிட்டு நிற்பார். என் சொல்லை அவர் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. அதனால்தான் அன்று நடந்தது எனக்கு இன்னும் பாரமாக இருக்கிறது.

ஒரு காலை, பத்து மணி இருக்கும், காலி நகருக்குப் போகும் பெருவீதியில் ஒரு பஸ்ஸுக்குப் பக்கத்தில் குண்டு வெடித்தது. அம்புலன்ஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வரத் தொடங்கியபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஒரு மணித்தியாலத்துக்குள் தியேட்டருக்கு வெளியே தள்ளுவண்டிகள் வரிசையில் நின்றன. அவற்றில் ஒன்றில் அவள் கிடந்தாள். பத்தொன்பது, இருபது வயது இருக்கும். இடது கால் முழங்காலுக்குக் கீழே சிதைந்துபோயிருந்தது. நினைவு மட்டும் தெளிவாக இருந்தது. எல்லோரும் சிங்களத்தில் கேட்கக் கேட்க, அவள் மிரண்டுபோய்த் தமிழில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

சேர்ஜன் காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இவளுக்கு விளங்கப்படுத்துங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். "காலை முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டிவரும். எடுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து. சொல்லிவிட்டுக் கைநாட்டு வாங்குங்கள்."

நான் சம்மதப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு அவளிடம் குனிந்தேன்.

"அக்கா, நீங்க தமிழாக்கா?" அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். பேச்சில் மலையகம் தெரிந்தது.

"ஓம், பிள்ளை."

"கால் இருக்குமாக்கா?"

பின்னால் இன்னொரு தள்ளுவண்டி வந்து நின்றது. அட்டென்டன் ஒருவர் வழி விடச் சொல்லிக் கத்தினார். அவளுடைய கண்கள் என் மாஸ்க்குக்கு மேலே அசையாமல் நின்றன.

"இருக்கும்" என்றேன். "டொக்டர் நல்லாச் செய்வார். பயப்பிடாதை. இதில ஒருக்கா விரலை வை."

அவள் உடனே விரலை நீட்டினாள். நான் பிடித்து மையில் தொட்டு, பத்திரத்தில் அழுத்தினேன்.

"சொன்னீர்களா?" என்று சேர்ஜன் கேட்டார்.

"சொன்னேன், சேர்."

அவர் கை கழுவப் போய்விட்டார்.

வெட்டியெடுத்த காலை வாங்கிக்கொள்வது மேசையருகில் நிற்கும் தாதியின் வேலை. அதற்கு முன்பும் வாங்கியிருக்கிறேன். எத்தனை தடவை வாங்கினாலும் அந்தக் கனம் நினைத்ததைவிடக் கூடவே இருக்கும். இவளுடைய குதிகாலில், புதுச் செருப்பு கடித்த இடத்தில், சின்னதாக ஒரு பிளாஸ்டர் ஒட்டியிருந்தாள். குண்டு அதை உரிக்கவில்லை. நான் காலைத் துணியில் சுற்றி அட்டென்டனிடம் கொடுத்துவிட்டு, திரும்பி வந்து துணிகளை எண்ணினேன். எண்ணிக்கை சரியாக இருந்தது.

அவள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் அவளிடம் அடையாள அட்டை இருக்கவில்லை. குண்டு வெடித்த இடத்தில் காயப்பட்ட தமிழ்ப் பெண், கூட யாரும் இல்லை. குண்டு வைத்தவளாக இருக்கலாம் என்ற சந்தேகத்தில் அவளுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பொலிஸ்காரர் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். வார்டிலிருந்து எனக்கு ஆள் வந்தது. "உங்கள் ஆள் ஒன்று அக்கா அக்கா என்று கேட்டு அழுகிறது, ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள்" என்று, சிங்களத்தில். நான் போகவில்லை. தமிழ் நர்ஸ் ஒருத்தி போய் அவளோடு இரகசியமாகக் கதைத்தாள் என்று பொலிஸ்காரர் எழுதிவிட்டால் என்னாகும் என்று அக்காவிடம் சொன்னேன். அக்காவும் போகாதே என்றாள்.

மூன்றாம் நாள், அவள் வேலை செய்த கிருலப்பனை வீட்டு முஸ்லிம் அம்மா அடையாள அட்டையோடு வந்து, பொலிஸ் நிலையத்துக்கும் போய்ச் சொல்லி அவளை விடுவித்தார். கதிரை காலியானது. அதன் பிறகும் ஒரு நாள் நான் போகவில்லை. அந்த ஒரு நாளுக்கு என்னிடம் காரணம் எதுவும் இல்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம் போனேன். மாஸ்க் இல்லாமல் வந்த என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. நான் வாய் திறந்ததும் தெரிந்துகொண்டாள்.

"நீங்கதானே இருக்கும்னு சொன்னீங்க?"

"ஓம்."

"தெரியாமச் சொன்னீங்களா, தெரிஞ்சு சொன்னீங்களா?"

"தெரிஞ்சுதான் சொன்னனான்."

அவள் கத்தவில்லை. போர்வை தட்டையாகக் கிடந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சொல்லியிருந்தீங்கன்னா ஒரு தடவ தொட்டுப் பாத்திருப்பேங்க்கா" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு முன்னால் அழுவதற்கு எனக்கு உரிமை இல்லை என்று அடக்கிக்கொண்டேன். "என்னை மன்னிச்சுக்கொள்ளு" என்றேன். அவள் தண்ணீர் வேண்டும் என்றாள். பிடித்துக் குடிக்கவைத்துவிட்டு வந்தேன்.

அன்றே சேர்ஜனிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "நான் இன்னும் ஒரு நிமிடம் அவளருகில் நின்றிருக்க வேண்டும்" என்றார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவளுடைய தகப்பன் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து சேர ஒரு கிழமை ஆனது. மெலிந்த மனிதர். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டுதான் என்னோடு கதைத்தார்.

"அம்மா, அந்தக் கால எங்க பொதைச்சீங்க?"

"புதைக்கேல்லை, ஐயா. எரிச்சுப்போட்டினம்."

"எடத்தக் காட்டுவீங்களா?"

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், சலவைக்கூடத்தைத் தாண்டி, கழிவுகளை எரிக்கும் உலை இருந்தது. அங்கே கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் பழைய கட்டில்களும் உடைந்த வாளிகளும் கிடந்தன. அவர் உலைக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். எதையும் வைக்கவில்லை, கும்பிடவும் இல்லை. "புள்ள நடக்கப் பழகுனப்ப ரொம்ப விழும்" என்றார், என்னைப் பார்க்காமல். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு, "சரிம்மா" என்றார்.

அடுத்த வாரம் அவர்கள் ஊருக்குப் போனார்கள். ஊன்றுகோல்களில் அவள் இன்னும் பழகவில்லை. தகப்பன் ஒரு பக்கமும் கிருலப்பனை அம்மா மறுபக்கமும் தாங்கி ஓட்டோவில் ஏற்றினார்கள். நான் மேல்மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன். இறங்கிப் போகத் துணிவு வரவில்லை. அதன் பிறகு அவளைப் பற்றி எனக்கு எந்தச் செய்தியும் இல்லை.

யுத்தம் முடியும்வரை அந்தத் தியேட்டரில்தான் இருந்தேன். இன்னும் எத்தனையோ பேர் வந்தார்கள். அவர்களில் பலர் படைவீரர்கள், சின்ன வயதுக்காரர்கள். ஒருநாள் ஒருவன் தன் வலது கை இருக்குமா என்று சிங்களத்தில் கேட்டான். என் சிங்களம் அப்போதும் திருந்தியிருக்கவில்லை. "இருக்காது, மல்லி" என்றேன், சிங்களத்தில் தம்பியை அழைப்பதுபோல. "எடுக்கத்தான் வேண்டும்." அவன் என் பேச்சைக் கேட்டதும் நான் தமிழ் என்று கண்டுகொண்டான். வாயில் வந்தபடியெல்லாம் ஏசினான். உன்னுடைய ஆட்கள்தான் செய்தார்கள் என்றான். மயக்கமருந்து டொக்டர் ஊசியை எடுத்தார். சேர்ஜன் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

அவன் ஏசி முடிக்கும்வரை நாங்கள் எல்லோரும் நின்றோம்.