மீசை வைத்த தோழி

என் தம்பி ஜெயித்தவை இவை. ஐந்தாம் வகுப்பில் மஞ்சள் காமாலை வந்து பாதி வருடம் படுக்கையில் கிடந்தும் பரீட்சையில் தேறினான். வாய் திக்குகிறது என்று பள்ளி நாடகத்தில் அவனுக்கு மரம் வேஷம் கொடுத்தார்கள். அடுத்த வருடம் நாடகத்தையே எழுதிக் கொடுத்து, தன்னை மரமாக்கிய வாத்தியாரைக் கைதட்ட வைத்தான். ஸ்கூட்டர் உரிமத்தை நான்காவது முயற்சியில் வாங்கினான். முன்பெல்லாம் தவறியது ஓட்டத் தெரியாததால் அல்ல; அதிகாரியின் கேள்விக்கு அவன் வாயிலிருந்து பதில் வருவதற்குள் அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார். எங்கள் குடியிருப்பில் நடந்த சதுரங்கப் போட்டியில் வங்கி மேலாளரைத் தோற்கடித்தான். அன்று அவருக்குக் கடும் ஜலதோஷம் என்று அவர் மனைவி இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கடைசியாக, போன இடமெல்லாம் "போன்ல பேசணுமே, உங்களால முடியாதே" என்று திருப்பி அனுப்பிய பிறகு, வாயைத் திறக்காமல் எழுதிச் சம்பாதிக்கும் ஒரு வேலையைப் பிடித்தான்.

நான் அவனுக்கு அக்கா. ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரித் துணி அறையில் வேலைக்குச் சேர்ந்தவள். சலவையிலிருந்து வரும் விரிப்பில் கறை இருந்தால் இருக்கிறது என்று சொல்வதுதான் அங்கே என் வேலை. இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். நான் பார்த்தது எது, பிறர் சொல்லிக் கேட்டது எது என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

அவன் சேர்ந்த இடம் மடிக்கணினி செய்து விற்கும் ஒரு நிறுவனம். அதில் பதில் பிரிவு என்று ஒன்று உண்டு. வாங்கியவர்களும் வாங்கப்போகிறவர்களும் இணையத்தில் கேட்பதற்கெல்லாம் எழுதிப் பதில் சொல்வது. ஒரு நாள் அவன் மூக்குக்கண்ணாடியை மறந்து வைத்துவிட்டுப் போனான் என்று அதைக் கொடுக்க நான் அங்கே போயிருக்கிறேன். ஜன்னல் இல்லாத அறை. நாற்காலிகளின் கைப்பிடியில் பஞ்சு தெரிந்தது. ஒவ்வொரு திரையின் ஓரத்திலும் ஒரு மஞ்சள் சிரிப்பு முகம் ஒட்டியிருந்தது. ஒட்டியவர் மேற்பார்வையாளர். எழுத்தில் சிரிப்பு தெரிய வேண்டும் என்று ஓயாமல் சொல்வதால் அவருக்கு அங்கே "சிரிப்பு சார்" என்று பெயர். அவரும் எப்போதும் சிரித்த முகம்தான். ஆளை வேலையை விட்டு அனுப்பும்போதும் அந்தச் சிரிப்பு மாறாது என்று தம்பி சொல்வான்.

பதில் பிரிவில் யாரும் தன் பெயரை எழுதக் கூடாது. எல்லாப் பதிலும் "அன்புடன், உங்கள் தோழி" என்று முடிய வேண்டும். பக்கத்தில் காதில் ஹெட்போன் மாட்டிய ஒரு பெண்ணின் படம் வரும். அந்தப் பெண் யார் என்று அங்கே யாருக்கும் தெரியாது. என் தம்பிக்கோ கட்டை மீசை. விஷயம் தெரிந்த நாளிலிருந்து என் வீட்டுக்காரர் அவனை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "தோழி வந்தாச்சு, சாப்பாடு எடுத்து வை" என்பார். அவர் பஸ் ஓட்டுகிறவர். நாள் முழுக்க வழி விடாதவர்களைத் திட்டிவிட்டு வருகிறவருக்கு வீட்டில் கொஞ்சம் கேலி தேவைப்படும். தம்பி கண்டுகொள்ள மாட்டான்.

அந்த நிறுவனத்தின் மடிக்கணினி வரிசையில் அப்போது விற்றுக்கொண்டிருந்த மாடலுக்கு ஆறு என்று பெயர். எல்லோரும் ஏழுக்காகக் காத்திருந்தார்கள். வந்தது "ஆறு பிளஸ்". சாம்பல் நிறத்தில் புதிதாக ஒன்று, உள்ளே கொஞ்சம் வேகம், மற்றபடி அதே பெட்டி, அதே மூடி, அதே விசைப்பலகை. விலை மட்டும் ஒரு படி ஏறியிருந்தது. டப்பாவிலிருந்து சார்ஜரை எடுத்துவிட்டார்கள். பழையது வீட்டில் இருக்குமே, குப்பை குறையட்டும் என்று காரணம் சொன்னார்கள்.

ஜனங்கள் விடவில்லை. என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே போனில் வாசித்துக் காட்டுவார். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வித்தியாசம் கண்டுபிடிப்பவருக்குப் பரிசு என்று ஒருவர் படம் போட்டிருந்தார். போன வருடத்துப் பையனுக்கு முடி வெட்டிக் கூட்டி வந்து புது மாப்பிள்ளை என்கிறீர்களா என்று ஒருவர். பிளஸ் எங்கே என்று தேடிக் கடைசியில் விலையில் கண்டுபிடித்தேன் என்று இன்னொருவர். நாகரிகமாக எழுதியவர்கள் இவர்கள். மற்றவர்கள் எழுதியதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அதெல்லாம் ஒரு பெண்ணுக்கு எழுதுவதாக நினைத்து எழுதியது என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

வெளியிலும் இதே கதை. எங்கள் கட்டடத்தின் கீழே மருந்துக் கடை வைத்திருப்பவர் போன மாதம்தான் ஆறு வாங்கியிருந்தார். மாடிப்படியில் தம்பியை மறித்துக்கொண்டு, நான் வாங்கின மறு மாசமே அதைப் பழசாக்கிட்டீங்களே என்று சண்டைக்கு வந்தார். புதுசில் ஒன்றும் மாறவில்லையே என்று தம்பி எப்படியோ சொல்லி முடித்தான். அப்ப எதுக்குப் புதுசுன்னு விக்கறீங்க என்று அதற்கும் சத்தம். அன்றிலிருந்து தலைவலி மாத்திரையைத் தள்ளியிருந்த வேறு கடையில் வாங்கினோம்.

இதற்கெல்லாம் பதில் எழுத சிரிப்பு சார் ஒரு வாசகம் கொடுத்திருந்தார். நீங்கள் விரும்பிய எல்லாம் அப்படியே இருக்கிறது, மாற்றத்துக்காக மாற்றுவது எங்கள் வழக்கமில்லை என்று போகும் அது. தம்பி காலையிலிருந்து சாயங்காலம் வரை இதையே எழுதினான். வெளியே இருப்பவர்கள் ஒன்றுமே மாறவில்லை என்று திட்டினார்கள். உள்ளே இருப்பவர்கள் ஆமாம், ஒன்றும் மாறவில்லை என்று சிரித்தார்கள். ஊரே ஒன்றைச் சொல்லும்போது அதைச் சரிபார்க்க யாருக்கும் தோன்றாது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பெண்மணியின் கேள்வி வந்தது. வேலைக்கான தேர்வுகளைக் கணினியில் நடத்தும் மையம் ஒன்றை அவர் நடத்தி வந்தார். மேசைகளிலேயே பழைய ஆறின் சார்ஜர்களைப் பொருத்தி வைத்திருப்பதாகவும், ஆறு பிளஸ் வாங்கினால் அவையே போதுமா என்றும் கேட்டிருந்தார். திட்டாமல் கேட்ட ஒரே கேள்வி அன்றைக்கு அதுதான் என்று தம்பி பிறகு சொன்னான். மகிழ்ந்துபோய், சார்ஜரில் எந்த மாற்றமும் இல்லை, தயங்காமல் வாங்கலாம் என்று எழுதினான். அன்புடன், உங்கள் தோழி.

சொருகும் இடத்தில் மாற்றமில்லை என்பது உண்மை. ஆனால் புது இயந்திரம் அதிக மின்சாரம் தின்னும். வாய் அதேதான், பசி கூடிவிட்டது. பழைய சார்ஜரைச் சொருகினால் விளக்கு எரியும், உள்ளே போவது போதாது. நிறுவனத்தின் பக்கத்தில் இது எங்கோ அடியில் பொடி எழுத்தில் இருந்தது. பதிலை நம்பி அந்த அம்மாள் ஆறு பிளஸ் வாங்கி மையத்தில் வைத்துவிட்டார். தேர்வு நடந்த அன்று, எழுதிக்கொண்டிருந்தவர்களின் திரைகள் ஒவ்வொன்றாக இருண்டன. வெளியே காத்திருந்த பெற்றோர்கள் கதவைத் தட்டி உடைக்கப் பார்த்திருக்கிறார்கள். மையத்தை மூடலாமா என்று தேர்வு வாரியம் விசாரணை வைத்தது.

அந்த அம்மாள் தோழியின் பதிலை அச்செடுத்து வாரியத்திடம் கொடுத்தார். அவர்கள் ஏற்கவில்லை. தோழி என்றால் யார், இதில் பெயர் எங்கே, கையெழுத்து எங்கே என்று திருப்பிவிட்டார்கள். அவர் நிறுவனத்துக்கு எழுதினார். பொதுவான வழிகாட்டுதலுக்கு நிறுவனம் பொறுப்பேற்காது என்று தோழியே பதில் போட்டாள்.

அந்தப் பழைய பதிலை சிரிப்பு சார் எல்லோருக்கும் காட்டி, இப்படி யாரும் எழுதக் கூடாது என்றாராம். எழுதியது யார் என்று கணினியில் தேடினால் தெரிந்துவிடும். தெரிந்துவிடும் என்பதற்காகவே தேட வேண்டாம் என்று மேலிடம் சொல்லியிருந்தது. தம்பிக்குத் தேடவே தேவையில்லை. "தயங்காமல்" என்று அந்தப் பிரிவில் எழுதுகிறவன் அவன் ஒருவன்தான்.

அன்று சாயங்காலம் அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான். விஷயத்தை எங்களிடம் சொன்னான். அவனுக்கு அப்போது தற்காலிக வேலைதான். மாதக் கடைசியில் நிரந்தர ஆணை வர இருந்தது. இந்த வேலை போனால் மறுபடி எல்லா இடத்திலும் போன், போன் என்று துரத்துவார்கள்.

"கேட்டா நான் இல்லைன்னு சொல்லு. கேட்கவே இல்லைன்னா வாயை மூடிட்டு இரு. அதான் உனக்கு நல்லா வருமே" என்றார் என் வீட்டுக்காரர்.

அவரை நான் முறைத்தேன். ஆனாலும் எனக்கும் அதே எண்ணம்தான். "மாசக் கடைசி வரைக்கும் பொறுடா. ஆர்டர் கைக்கு வரட்டும். அப்புறம் எதுவா இருந்தாலும் எழுதிக் குடு" என்றேன்.

"வி... விசாரணை திங்கட்கிழமை, அக்கா" என்றான். கையைக் கழுவப் போய்விட்டான்.

அதற்கு மேல் அவனாகப் போய்ச் சொல்லியிருப்பானா என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று எழுத மாட்டேன். மறுநாள் அந்த அம்மாளே அலுவலகத்துக்கு வந்துவிட்டார். இனி வருவது தம்பியும் வாசலில் இருந்த காவலாளியும் சொன்னது. இரண்டு பேர் சொன்னதும் ஒத்துப்போகிறது.

வரவேற்பறையில் கைப்பையை மேசைமேல் வைத்துவிட்டு, "உங்க தோழியைக் கூப்பிடுங்க" என்றாராம் அவர்.

"மேடம், தோழிங்கறது ஒரு டீம்" என்றாள் வரவேற்பில் இருந்த பெண்.

"டீம் வந்து சாட்சி சொல்லுமா? யாரோ ஒரு பொண்ணு வாங்கலாம்னு எழுதியிருக்கா. அவளை நான் அடிக்க வரலை. அவ பேரு வேணும். பேரு இல்லாம நான் இங்கருந்து போகப் போறதில்லை."

இப்படி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்ற செய்தி மாடிக்குப் போனது. பின்வாசல் வழியாகச் சாப்பிடப் போங்கள் என்று சிரிப்பு சார் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். தம்பி முன்வாசலுக்கு இறங்கினான்.

அவர் முன்னால் போய் நின்று, "நா... நா... நான்தான்" என்றான்.

அந்த அம்மாள் அவன் மீசையைப் பார்த்தார். "என்னப்பா, கிண்டலா? என் பொழப்பு போகுது, உங்களுக்கு விளையாட்டா இருக்கா? போ, போய் அந்தப் பொண்ணை வரச் சொல்லு."

அவன் விளக்கப் பார்த்தான். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. கிண்டல்தான் செய்கிறான் என்று நினைத்துக் காவலாளி அவன் தோளைப் பிடித்தாராம். இதைச் சொல்லும்போது காவலாளி என் முகத்தைப் பார்க்கவில்லை. தம்பி மேசையில் இருந்த வெள்ளைத் தாள் ஒன்றை இழுத்து, நின்றபடியே எழுத ஆரம்பித்தான். எழுத்தில் அவனுக்குத் திக்காது. கேள்வி வந்தது, அதற்குச் சார்ஜரில் மாற்றமில்லை என்று பதில் எழுதியது நான், அந்தப் பதில் தவறு, புது இயந்திரத்துக்குப் பழைய சார்ஜர் போதாது, மையத்தின் மேல் பிழை இல்லை என்று நேராக எழுதினான். எழுதித் தாளை அவரிடம் நீட்டினான்.

அவர் வாசித்தார். கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

"இதுலயும் தோழியா?"

அப்போதுதான் அவனும் பார்த்தான். கை பழக்கத்தில் தானாகவே "அன்புடன், உங்கள் தோழி" என்று முடித்திருந்தது. வரவேற்புப் பெண் சிரித்துவிட்டாள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. தாளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். அவன் சொன்னதை அவர் நம்பியது அந்த நிமிஷத்தில்தான் என்று காவலாளி சொல்கிறார்.

"நீதானா" என்றார். குரலில் இரக்கமெல்லாம் இல்லை. "தோழியை அடிச்சுட்டு உன் பேரை எழுது. இனிஷியலோட எழுது."

எழுதினான். அதற்குள் சிரிப்பு சார் படியிறங்கி வந்துவிட்டார். அந்தத் தாளைக் கொடுங்கள், சட்டப் பிரிவில் காட்டிவிட்டுத் திருப்பித் தருகிறோம் என்று சிரித்துக்கொண்டே கை நீட்டினார். அந்த அம்மாள் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். "எனக்கு எழுதினது" என்று சொல்லிவிட்டு நடந்தார். நன்றி என்று ஒரு வார்த்தை கிடையாது.

திங்கட்கிழமை விசாரணையில் அந்தத் தாளை வாங்கிக்கொண்டார்கள். மையம் தப்பியது. தேர்வு எழுதியவர்களுக்கு மறுதேர்வு கிடைத்தது. நிறுவனம் பொடி எழுத்தில் இருந்த வரியைப் பெரிய எழுத்தில் மேலே கொண்டுவந்து வைத்தது. அதற்கும் ஜனங்கள் திட்டினார்கள்: கடைசியில் பிளஸ் என்றால் சார்ஜர் தனி என்று அர்த்தமா? அந்தத் திட்டுக்கும் தோழிதான் பதில் எழுதியிருப்பாள், ஆனால் அதில் என் தம்பி இல்லை. மாதக் கடைசியில் ஆணை வரவில்லை. சிரிப்பு சார் அவனை வாசல் வரை வந்து வழியனுப்பினார், அதே முகத்தோடு.

என் வீட்டுக்காரர் அவனைத் தோழி என்று கூப்பிடுவதை அன்றோடு விட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. தம்பி சில மாதம் வேலையில்லாமல் இருந்தான். மருந்துக் கடைக்காரர் அவன் காதுபட, நல்லா வேணும் என்றார். இப்போது தண்ணீர்ப் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் பம்பை எப்படிப் பொருத்துவது என்று துண்டுத்தாள் எழுதுகிறான். அதிலும் எழுதியவர் பெயர் போட மாட்டார்கள்.

அந்தத் தாளின் நகல் ஒன்றை விசாரணை முடிந்ததும் அந்த அம்மாள் தபாலில் அனுப்பியிருந்தார். கூட ஒரு வரிகூட எழுதவில்லை. அதில் தோழியின் மேல் ஒரே ஒரு கோடு இருக்கிறது, நேராக இருக்கிறது. கீழே என் தம்பியின் பெயர், இனிஷியலோடு, முழுசாக. வேலையில் தான் எழுதிய ஒன்றின் கீழே அவன் முதன்முதலில் போட்ட கையெழுத்து அது. பக்கத்தில் அவனே தேதியும் போட்டிருக்கிறான்: 2023 நவம்பர் 16, வியாழக்கிழமை.